எச்.ஐ.வி. தொற்றும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்

எச்.ஐ.வி. கிருமி எளிதில் தொற்றுவதற்கும், தொற்றியபின் நோய் முற்றும் வேகத்துக்கும் மனிதரின் சில மரபணுக்கள் ஓரளவு காரணமாகின்றன. நன்கு ஆராயப்பட்டவை 3ஆம் குரோமோசோமில் உள்ள சிசிஆர்5 மரபணுவும், 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. தொகுதியும்.

சிசிஆர்5: கிருமி முதலில் வெள்ளணுவின் சிடி4 புரதத்தைப் பற்றுகிறது, பிறகு பெரும்பாலும் சிசிஆர்5 புரதத்தின் வழியாக உள்ளே புகுகிறது. இம்மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவம் 1996இல் கண்டறியப்பட்டது. அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரின் அணுக்களில் அந்தப் புரதம் வெளிப்பரப்புக்கு வருவதில்லை; எனவே கிருமி எளிதில் உள்ளே புக முடிவதில்லை. வட ஐரோப்பியரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் இப்படிப்பட்டவர். இந்தியரிடம் இது மிக அரிது. இத்தகைய கொடையாளரின் குருத்தணுக்களைப் பெற்றே டிமோதி ரே பிரவுன் என்பவர் பெர்லினில் எச்.ஐ.வி.யிலிருந்து குணமடைந்தார்.

எச்.எல்.ஏ.: இப்புரதங்கள் அணுவுக்குள் இருக்கும் கிருமியின் துணுக்குகளை வெளியே ஏந்திக் காட்ட, சிடி8 வெள்ளணுக்கள் அந்த அணுவை அழிக்கின்றன. பி27, பி57 வகையினருக்கு நோய் மெதுவாகவும், பி35இன் சில வகையினருக்கு விரைவாகவும் முற்றுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே வகையைப் பெற்றவருக்குப் பாதுகாப்பு குறைவு; அக்காள் மகள், மாமன் மகள் என உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கம் அத்தகைய பிறப்பின் வாய்ப்பைக் கூட்டும். கிருமியைத் தடுக்க உதவும் பி57இன் 01 வகையே, அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை உண்பவருக்குக் காய்ச்சல், தடிப்பு, வாந்தியுடன் கடும் ஒவ்வாமையையும் வரவழைக்கலாம். எனவே அம்மருந்தைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில்: இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தனர். இங்கு மிகுதியாகப் பரவியிருப்பது கிருமியின் சி உட்பிரிவு. எச்.ஐ.வி.யுடன் காசநோயும் சேர்ந்தவர்களின் எச்.எல்.ஏ. வகைகளைச் சென்னைச் சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்துள்ளது.

ஓசூர், கிருஷ்ணகிரி: லாரி ஓட்டுநர்களையும் வெளியூர்த் தொழிலாளர்களையும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொற்றை ஒரு பிரிவினரிடமிருந்து மறு பிரிவினருக்குக் கடத்தக்கூடிய இணைப்புப் பிரிவினராகக் கருதுகிறது. கர்நாடக எல்லையில் சிப்காட் ஆலைகளும் பெங்களூரு நெடுஞ்சாலையும் கூடும் இவ்வட்டாரத்தில் இவ்விரு பிரிவினரும் மிகுதி. இங்கு தொற்றின் வாய்ப்பை முடிவுசெய்வது மரபணுவைவிடப் பாதுகாப்பற்ற உடலுறவும், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுமே. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். முடிவு ரகசியமாகக் காக்கப்படும். உதவி எண்: 1097.