1782-ஆம் ஆண்டுத் திருகோணமலைச் சாட்சியம்: வாந்திபேதியின் பூர்வ சரித்திரத்தில் ஒரு மறுபரிசீலனை

வாந்திபேதியின் பழைமையை ஆராயப் புகுவோர் எவரும் ஜோன் மக்பேர்சனைக் கடந்து செல்ல இயலாது. வங்காளத்தில் நெடுங்காலம் வைத்திய உத்தியோகம் பார்த்த அவர், ஆதிகாலந்தொட்டு 1817 வரையில் அந்நோயைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளையெல்லாம் காலக்கிரமமாகத் திரட்டி 1872-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1817-இல் ஜெசூரில் மூண்டு பின்னர் தேசதேசாந்தரங்களுக்கும் பரந்த கொள்ளைநோய் அவ்வாண்டிலேயே புதிதாகத் தோன்றியது என்று வைத்தியர் பலர் கொண்டிருந்த எண்ணம் அந்நூலோடு வலியிழந்தது. அந்த அளவில் அவர் முடிபு நிலைபெற்றுவிட்டது. அதை மறுக்க நாம் முற்படவில்லை. ஆயின் அவர் திரட்டிய சாட்சியங்களுள் ஒன்று நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்தது. அதனை அவர் வைத்த இடத்தில் வைத்துப் படிப்பது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் விசாரணை. இந்நோயைப் பற்றிப் பின்வந்த சரித்திரங்கள் பலவும் 1782-இல் திருகோணமலை என்று ஒரு வரியை எழுதிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றன. அந்த ஒரு வரி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று நின்று பார்த்தவர் அரியர்.

சாட்சியம் சொன்னவர் சாள்ஸ் கேர்ட்டிஸ் என்னும் ஆங்கிலக் கடற்படை வைத்தியர். மீடியா என்ற போர்க்கப்பலில் வைத்தியராயிருந்த அவர் எழுதிய நூல் 1807-இல் எடின்பரோவில் அச்சாயிற்று. நூலின் தலைப்பு நீண்டது. 1782-ஆம் 1783-ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கப்பற்படையிலும் சென்னைக் கடற்படை வைத்தியசாலையிலும் கண்டவாறு இந்தியாவின் வியாதிகளை விவரிப்பது என்று அத்தலைப்பே தன் எல்லையைத் தெளிவாக வரையறுத்துக்கொள்கிறது. அந்நூலில், 1782-இன் நடுப்பகுதியில் எட்வர்ட் ஹியூஸ் தளபதியின் கப்பல்கள் திருகோணமலைத் துறையிற் கிடந்த காலத்தையொட்டி மாலுமிகளிடையே கண்ட ஒரு நோய் விவரிக்கப்படுகிறது. கெண்டைக்காற் சதையில் தொடங்கித் தொடைக்கும் வயிற்றுக்கும் ஏறும் கடுமையான குரக்கைவலி, நீராய்ப் போகும் பேதி, ஓயாத வாந்தி, கைகால்கள் குளிர்ந்து நகங்கள் நீலித்தல், முகம் ஒடுங்கிக் கண்கள் குழிவிழுதல், கையில் நாடி அகப்படாமற் போதல், திடகாத்திரமான தேகத்தரும் சில மணிநேரத்துள் மாண்டுபோதல் ஆகியவை அவர் தரும் குறிகள். இக்குறிகளைப் படிக்கும் எந்த வைத்தியரும் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கமாட்டார். மக்பேர்சனும் தயங்கவில்லை, நாமும் தயங்க வேண்டியதில்லை.

பேதம் எழுவது அதற்கு அடுத்த படியில். 1781 மார்ச்சில் கஞ்சத்தில் கேணல் பியர்ஸின் வங்காளச் சேனையை, சுமார் 5,000 பேர் கொண்ட அப்படையில் ஒரே நாளில் 500-க்கு மேற்பட்டோர் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்படும்படி, தாக்கிய நோய்; 1782 நடுவில் திருகோணமலை; அவ்வாண்டு ஒக்தோபரில் சென்னையில் வந்திறங்கிய துருப்புகள்; 1783-இல் ஹரித்துவார மேளாவில் எட்டே நாளில் 20,000 யாத்திரிகர் மாண்டதாகக் கூறப்படும் அழிவு. இவை நான்கும் ஆண்டுவரிசையில் அடுத்தடுத்து நிறுத்தப்படும்போது, வாசகன் மனத்தில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி மீண்டும் வடக்கே ஏறிய ஒரே பெருநோயின் பயணம் தானாகவே உருவாகிவிடுகிறது. மக்பேர்சன் அவ்வாறு வெளிப்படக் கூறினார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவர் நூலின் அமைப்பே அதனைக் கூறிவிடுகிறது என்பதுதான் நம் கட்சி. ஒரு நோய் ஓரிடத்தில் இருந்தது என்பதற்கான பிரமாணம் வேறு, அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றது என்பதற்கான பிரமாணம் வேறு. முன்னதற்கு நோயாளியின் படுக்கையருகே நின்ற ஒரு வைத்தியர் போதும். பின்னதற்கு இரு இடங்களின் தேதிகளும், இடையிலே போய்வந்த மனிதரும், இடைப்பட்ட ஊர்களின் நிலையும் வேண்டும். ஹரித்துவாரச் சம்பவத்தை எழுதியோரே, அந்நோய் அண்மையிலிருந்த ஜுவாலாபூர்க் கிராமத்தை எட்டவில்லை என்றும் எழுதியிருக்கின்றனர். இருபதினாயிரம் பேரைக் கொன்ற நோய் பக்கத்து ஊரை அடையாமலே அடங்கியது உண்மையாயின், 1817-க்கு முற்பட்ட வாந்திபேதியைத் தேசம்விட்டுத் தேசம் நடந்த ஒன்றாகக் கற்பனை செய்வதற்கு முன் நாம் பலமுறை யோசிக்க வேண்டும்.

சாட்சியத்தின் வயதையும் மக்பேர்சன் போதிய அளவு நிறுத்துப் பார்த்ததாகத் தோன்றவில்லை. கண்டது 1782, அச்சேறியது 1807. இருபத்தைந்தாண்டு இடைவெளியில் ஒருவர் தம் பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எழுதினாரா, நினைவைக் கொண்டு எழுதினாரா என்பது நோயின் குறிகளைப் பொறுத்தவரை பெரிதன்று. அத்தகைய மரணத்தைப் பார்த்தவர் அதை மறப்பதில்லை. ஆனால் எந்தக் கப்பலில் முதலில் கண்டது, துறைக்கு வருமுன்பா வந்தபின்பா, கரையிலிறங்கியவரிடத்தா இறங்காதவரிடத்தா என்னும் விஷயங்களில் அந்த இடைவெளி மிகமிகப் பெரிது. இவற்றோடு ஒப்பிடுகையில், சென்னையில் 1782 ஒக்தோபரில் கண்டதை எழுதிய தோமஸ் கேர்டில்ஸ்டனின் நூல் 1787-இலேயே வெளிவந்துவிட்டது. கரையிறங்கிய முதல் மூன்று நாளில் ஐம்பதுக்கு மேற்பட்ட புதுத்துருப்பினர் மாண்டனர் என்றும், ஒரு மாதத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர் என்றும் அவர் கணக்கோடு கூறுகிறார். இரண்டு சாட்சியங்களையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

கேர்ட்டிஸ் நூலிலே இன்னொரு பழைய கடிதம் பொதிந்து கிடக்கிறது. சென்னை வைத்தியர் பெய்ஸ்லி 1774 பெப்ரவரியில் எழுதிய அக்கடிதம், இந்நோய் சுதேச ஜனங்களிடையே அடிக்கடி பரவி அவர்களை விரைந்து கொல்வது என்று கூறுகிறது. மக்பேர்சனின் வழியைப் பின்பற்றுவோர் இதனை நோயின் பழைமைக்கு மேலுமொரு சான்றாகக் கொள்வர். நமக்கு அதிலே வேறொன்று தெரிகிறது. சோழமண்டலக் கரையில், திருகோணமலைச் சம்பவத்துக்கு எட்டாண்டு முன்பே, ஊர்மக்களிடையே வேரூன்றியிருந்த நோய் இது. ஹியூஸின் கப்பல்கள் எங்கிருந்து திருகோணமலைக்கு வந்தன? அதே கரையிலிருந்து. 1782 ஜனவரி 11-ஆம் நாள் ஒஸ்ரன்பேர்க் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்டது முதல், துருப்புகளையும் தளவாடங்களையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் திருகோணமலைக்கும் இடையே அக்கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்தன. ஐதர் அலியின் யுத்தத்தால் சென்னையைச் சூழ்ந்த நாடு பாழாகி, உணவின்றித் தவித்த ஜனங்கள் நகரை நோக்கித் திரண்ட காலம் அது. கஞ்சத்தில் அடிபட்ட பியர்ஸின் படையும் 1781-இலேயே அப்பிரதேசத்தை அடைந்து அங்கேயிருந்த சேனையோடு கலந்துவிட்டது. ஆகவே நோய் சோழமண்டலத்திலிருந்து கப்பலேறி வந்தது என்பதே நம் அனுமானம்.

அனுமானம் என்றே சொல்கிறோம். ஆயினும் அதனை எளிதில் விட்டுக்கொடுக்க நாம் தயாரில்லை. ஏப்பிரல் 12-ஆம் நாள் பிரெஞ்சுக் கப்பற்படையோடு நிகழ்ந்த கடற்போரில் ஹியூஸின் படையில் 137 பேர் மாண்டு 430 பேர் காயமுற்றனர். உடைந்த பாய்மரங்களோடும் காயப்பட்டோரோடும் உள்துறைமுகத்துக்குள் நுழைந்த அக்கப்பல்கள் ஜூன் பிற்பகுதி வரையில் அங்கேயே செப்பனிடப்பட்டன. அம்மாதங்கள் திருகோணமலையிற் கச்சான் வீசும் காலம். வாடைக்காற்றின் மழையையே நம்பிய அவ்வூரில் கச்சான் தொடங்கியபின் கிணற்று நீர் நாளுக்குநாள் தாழும். கடற்கரையை அடுத்த கிணறுகள் உவர்க்கும். ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு வேண்டிய நீரை அந்தச் சில கிணறுகளிலிருந்தே பீப்பாக்களில் முகந்து கப்பலேற்ற வேண்டியிருந்தது. வந்திறங்கியவரில் ஒருசிலர் நோயோடு வந்திருப்பின், கிணற்றடிகள் அசுத்தமாவதற்கும், அந்நீர் பீப்பாய் பீப்பாயாகக் கப்பல்தோறும் பகிரப்படுவதற்கும் இதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை. நீரின் வழியே இந்நோய் பரவுவதை ஜோன் ஸ்நோ நிறுவியது அதற்கு எழுபதாண்டுகளுக்குப் பின்னரே. ஆதலால் கிணறுகளைப் பற்றிக் கேட்க வேண்டுமென்று கேர்ட்டிஸுக்குத் தோன்றாதது வியப்பன்று. கச்சான் காலத்துக் கிணறுகளைப் பற்றி இன்றைய திருகோணமலைவாசி எவரும் சொல்லக்கூடியதை வங்காளத்து வைத்தியரான மக்பேர்சனுக்கு எடுத்துச் சொல்லவும் ஆளில்லை.

கோட்டைக்கு வெளியே இருந்த ஊரின் நிலை என்ன? தம்பலகாமத்திலும் மூதூரிலும் கொட்டியாரக் கரையிலும் வாழ்ந்த ஜனங்களுள் எத்தனை பேர் அவ்வாண்டு மாண்டனர்? ஆங்கிலேயருக்கு மாலுமியும் சிப்பாயும் எண்ணத்தக்கவர், ஊரார் எண்ணத்தக்கவரல்லர். எழுதப்படாமை நிகழாமைக்குச் சான்றாகாது என்பதை மனமார ஏற்கிறோம். ஆனால் அதே நியாயத்தை மறுபுறமும் செலுத்த வேண்டும்: எழுதப்படாத ஊரை நோய் கண்ட ஊராக்கித் தேசப்படத்தில் புள்ளியிடுவதும் முறையன்று. கேர்ட்டிஸின் சாட்சியம் ஒரு கப்பற்படையின் சாட்சியம், திருகோணமலையின் சாட்சியமன்று.

மக்பேர்சன் எழுதிய காலத்தையும் இங்கே கருதவேண்டும். 1866-இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கூடிய சர்வதேச சுகாதார மகாநாடு, வாந்திபேதியின் நிரந்தர வாசஸ்தலம் கங்கைப் பிரதேசமே என்று தீர்மானித்தது. கப்பல்களைத் தடுத்துவைக்கும் ஏற்பாடுகள் வர்த்தகத்துக்கு இடையூறாகும் என்று இந்திய அரசாங்கத்தார் அஞ்சினர். அவ்வரசாங்கத்து வைத்திய உத்தியோகத்தரான பிறைடன் போன்றோர் மழைக்காற்றே நோயைச் சுமந்து செல்கிறது என்று வாதித்தனர். மனிதர் வழியே பரவுகிறதா, காற்று வழியே பரவுகிறதா என்னும் அந்தப் பெருவழக்கின் நடுவே எழுதிய ஒருவர், நோய் எங்கும் என்றும் இருந்தது என்பதற்கு உதவும் குறிப்புகளை விரைந்து அரவணைத்துக்கொள்வது இயல்பு.

1782-இல் இல்லாத தெளிவு 1819-இலே ஓரளவு கிடைக்கிறது. 1818-இன் இறுதியில் வாந்திபேதி இலங்கையின் வடபகுதியை அடைந்தது. அடுத்த ஆண்டு ஒக்தோபர் 29-ஆம் நாள் டொபாஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் இலங்கையிலிருந்து, திருகோணமலையிலிருந்து என்றே பலரும் எழுதுகின்றனர், மொரீசியஸ் தீவின் போர்ட் லூயித் துறையை அடைந்தது. நவம்பரில் அங்கே வாந்திபேதி மூண்டது. அக்கப்பலே நோயைக் கொண்டுவந்தது என்று தீவினர் கொதித்தெழுந்தனர். தடுத்துவைக்காமல் விட்ட பதில் தேசாதிபதி ரால்ஃப் டார்லிங் மீது அவர்கள் கொண்ட வெறுப்பு எளிதில் ஆறவில்லை. பிரெஞ்சுப் புள்ளிவிவர அறிஞரான மொரோ த ஜொனே 1831-இல் எழுதிய அறிக்கை நோய் மனிதர் வழியே தொற்றிப் பரவுவது என்ற கட்சிக்கு வலிவு தேடியது. கப்பல் வருமுன்பே அத்தகைய நோயாளிகள் தீவில் இருந்தனர் என்று மறுத்த வைத்தியரும் உண்டு. கப்பல் வந்ததற்கும் நோய் மூண்டதற்கும் இடையிலுள்ள சுமார் மூன்று வாரத்தை எப்படி நிரப்புவது என்பது இன்றும் தீர்ந்தபாடில்லை. இந்நோய் சில மணிநேரம் முதல் ஐந்து நாளுக்குள் வெளிப்படுவது என்று நாம் இன்று அறிவோமாதலின், இடையிலே சொல்லப்படாத நோயாளிகள் சிலர் இருந்திருக்கவேண்டும், அல்லது கப்பல் நிரபராதியாகவேண்டும். முன்னதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது, வலியுறுத்தமாட்டோம். ஆயினும் கேள்வியின் வடிவத்தைக் கவனியுங்கள்: எந்தத் துறையிலிருந்து, எந்தக் கப்பலில், எந்த நாளில் என்று இரு கட்சியாரும் கேட்டனர். 1782-க்கு இக்கேள்விகளை எவரும் கேட்டதில்லை.

பிலடெல்பியாவில் 1849-இல் மாண்ட ஒருவரின் பாதுகாக்கப்பட்ட குடலிலிருந்து வாந்திபேதிக் கிருமியின் மரபுக்கூறுகளை விஞ்ஞானிகள் 2014-இல் படித்தறிந்துவிட்டனர். திருகோணமலைக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை, காகிதத்தையே நம்பவேண்டும். அக்காகிதம் ஆங்கிலருடையதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. 1782 ஓகஸ்ட் 31-ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனிடம் கோட்டை வீழ்ந்தது. ஹியூஸின் மாலுமிகள் குடித்த அதே கிணறுகளின் நீரை, மழை தொடங்குமுன், செப்தெம்பர் முழுவதும் அவருடைய மாலுமிகள் குடித்தனர். 1783 மார்ச்சில், வாடை மழைக்குப் பின், மீண்டும் வந்து குடித்தனர். அப்பிரெஞ்சுக் கப்பல்களின் வைத்தியர்கள் செப்தெம்பரில் இக்குரக்கைவலியையும் பேதியையும் குறித்திருப்பின், நோய் ஊரின் நீரிலே தங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். அப்போது மக்பேர்சனின் புள்ளி தேசப்படத்தில் நிலைக்கும், நம் வாதத்தின் பாதி விழும். சொறிநோயும் போர்க்காயமும் மட்டுமே குறித்திருப்பின், ஹியூஸின் கப்பல்களோடு வந்த நோய் அக்கப்பல்களோடே சென்னைக்குத் திரும்பியது என்பதற்கும், கேர்டில்ஸ்டன் ஒக்தோபரில் கண்ட அழிவில் அதற்கும் பங்குண்டோ என்று கேட்பதற்கும் இடமுண்டு. இவ்விரண்டனுள் எது என்பதை அந்தப் பிரெஞ்சுக் குறிப்பேடுகளே சொல்லவேண்டும்.