நூலில் ஆடிய பண்ணை

இரண்டாம் உலகப் போரின் விளைவாக இங்கிலாந்தில் 1940ஆம் ஆண்டில் தொடங்கிய உணவுப் பங்கீடு, 1954 சூலையில்தான் முற்றும் நீங்கிற்று. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அந்நாட்டு இல்லங்களில் இறைச்சியும் வெண்ணெயும் அட்டையைக் காட்டி அளந்து பெறும் பொருள்களாயிருந்தன. அந்நிலை மாறி ஓராண்டு கழிந்ததும், 1955 செப்டம்பரில், பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளுக்கென அந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு பண்ணை தோன்றிற்று. பி.பி.சி. ஒளிபரப்பிய ‘தி வுடன்டாப்ஸ்’ என்னும் பொம்மலாட்டமே அது.

பி.பி.சி.யின் சிறுவர் தொலைக்காட்சிப் பிரிவுக்கு 1951 முதல் தலைமை தாங்கிய பிரீடா லிங்ஸ்ட்ரோம் அம்மையாரும் அவருடைய தோழியார் மரியா பேர்டும் இதனைப் படைத்தனர். 1950இல் ‘ஆண்டி பாண்டி’ என்னும் பொம்மையைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியவர்களும் இவ்விருவரே. இத்தகைய நிகழ்ச்சிகள் 1953 முதல் ‘வாட்ச் வித் மதர்’ என்னும் பொதுப்பெயரில் வழங்கின. ‘அன்னையுடன் காண்க’ என்பது அதன் பொருள். குழந்தையைப் பெட்டியின் முன் அமர்த்திவிட்டுத் தாய் அகன்றுவிடலாகாது என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளமை நோக்கத்தக்கது.

இனி அப்பண்ணைக்குள் செல்வோம். தந்தை, தாய், ஜென்னி, வில்லி என்னும் இரட்டையர், ஒரு கைக்குழந்தை. வீட்டு வேலைக்கு வரும் ஸ்க்ரபிட் அம்மாள், வெளிவேலைக்கு வரும் சாம். பட்டர்கப் என்னும் பசு. மேனியெங்கும் புள்ளிகள் கொண்ட பெரிய நாய். இவ்வளவே அதன் குடிமக்கள். கால் மணி நேரக் கதையில் பெரிதாக ஒன்றும் நிகழாது. அன்றாட வேலைகளும் சிறு குறும்புகளுமே கதை. பொம்மைகளை ஆட்டும் நூல்கள் திரையில் தெளிவாகத் தெரியும். அதனால் குழந்தைகளுக்கு யாதொரு குறையும் தோன்றவில்லை. கரித்துண்டை யானையென்று நம்பும் பருவத்தினரோடு பழகிய ஆசிரியர்க்கு இது வியப்பாகாது.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. அங்கே உழைப்பாளர் இருவர் உள்ளனர்; அவர்தம் கூலியைப் பற்றிய பேச்சே இல்லை. தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் கண்ணுக்கு இது தப்புவதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்குக் கூலிக்கணக்கு எதற்கு என்று நீவிர் கேட்கலாம். அதுவும் நியாயமே.

இதனினும் பெரிய இடைவெளி வேறொன்று உண்டு. 1947இல் இயற்றப்பட்ட வேளாண்மைச் சட்டம் உழவர்க்கு விளைபொருள் விலையை உறுதி செய்து, விளைச்சலைப் பெருக்குமாறு ஊக்கிற்று. குதிரைகள் வயலினின்று விடைபெற்றன; டிராக்டர்கள் புகுந்தன. கோழிகள் முற்றத்தை விட்டுக் கம்பிக்கூண்டுகளில் அடைபட்டன. திரையிலோ பெயருள்ள அந்த ஒரே பசு வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தது. 26 கதைகளையே திரும்பத் திரும்ப 1973 வரை காட்டினர். நாட்டின் பண்ணை மாறமாற, பிள்ளைகளின் பண்ணை மாறாது நின்றது.

1964இல் ரூத் ஹாரிசன் என்னும் பெண்மணி ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். உயிரினங்கள் பண்ணைகளில் எந்திரங்களாக நடத்தப்படுவதை அந்நூல் எடுத்துக்காட்டிற்று. மக்கள் கொதித்தெழவே, அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. கால்நடைகள் எழவும், படுக்கவும், திரும்பவும், தம் உடலைத் தாமே தூய்மை செய்யவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டுமென அக்குழு 1965 டிசம்பரில் அறிவித்தது. ஓர் உயிர் திரும்பி நிற்பதற்கும் அறிக்கை எழுத வேண்டிய காலம் அது!

அடுத்த மாதமே, 1966 சனவரியில், கார்டன் மரேயின் ‘கேம்பர்விக் கிரீன்’ தொடங்கிற்று. அதில் வின்டி மில்லர் என்பவர் பழைய காற்றாலையில் மாவரைப்பவர். ஜொனாதன் பெல் என்பவரோ எந்திரங்களில் பெருமை கொண்ட புதுமை உழவர். பழமைக்கும் புதுமைக்கும் இடையிலான வழக்கு குழந்தைகளின் திரைக்கே வந்துவிட்டது. எனினும் அது நகைச்சுவையோடு நின்றது. கம்பிக்கூண்டு அங்கும் தலைகாட்டவில்லை.

இவை இனிய பொய்கள் என்று கடிந்துரைப்போர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. பசுவுக்குப் பெயர் உண்டு என்று கற்பித்தது பொய்யன்று. பால் எவ்வாறு வந்தது என்பதைப் பிள்ளை வளர்ந்து வினவுங்கால் வீட்டிலும் பள்ளியிலும் விடைகூறாது விடுவதே குறை. மென்மையாகச் சொல்வது வேறு, மறைத்துவிடுவது வேறு.

பிற்காலத்தில் இவ்விடைவெளி ஓரளவு குறைந்தது. 2015இல் பி.பி.சி.யின் சிறார் அலைவரிசை ‘டவுன் ஆன் தி ஃபார்ம்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. இதனை நடத்தியோருள் ஒருவரான ஜே. பி. கில், பாடகராகப் புகழ்பெற்றுப் பின்னர் உழவரானவர். வுடன்டாப்ஸ் தோன்றி அறுபது ஆண்டுகள் கழிந்த பின், அதே வயதுக் குழந்தைகளின் முன் இப்போது நூலில் ஆடாத பண்ணை விலங்குகள் வந்து நின்றன.