லத்தீனா, தச்சு வேலையா?

டியூக் எலிங்டனைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதைக்குள் வந்து விழுந்தேன். ஜாஸ் மேதையான அவர் வாஷிங்டன் நகரத்தில் படித்தது ஆர்ம்ஸ்ட்ராங் கைத்தொழில் பயிற்சிப் பள்ளியில். விளம்பர ஓவியம் கற்றுக்கொண்டிருந்தவர், 1917-ல் படிப்பை முடிக்காமலே வெளியேறிவிட்டார். அது என்ன பள்ளி என்று பார்க்கப் போனால், அதே வட்டாரத்தில் இன்னொன்று: எம் தெரு உயர்நிலைப் பள்ளி. இரண்டுமே கறுப்பின மாணவர்களுக்கானவை. ஒன்றில் தொழிற்கல்வி, மற்றதில் லத்தீனும் கணிதமும்.

ஆர்ம்ஸ்ட்ராங் 1902-ல் திறக்கப்பட்டது. 1868-ல் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தைத் தொடங்கிய சாமுவேல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயர் அது. அவருடைய மாணவர்தான் புக்கர் டி. வாஷிங்டன், 1881 முதல் அலபாமாவில் டஸ்கீகியை நடத்தியவர். முதலில் கைத்தொழில், நாலு காசு. மற்ற உரிமைகள் பிறகு தானாக வரும் என்பது அவர் கட்சி. வடக்கத்திக் கோடீஸ்வரர்களுக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது. 1903-ல் கார்னகி மட்டும் டஸ்கீகிக்கு 6 லட்சம் டாலர் கொடுத்தார்.

நான் எஞ்சினியரிங் படிச்ச ஆள். கையால வேலை செய்யறது மட்டம்னு சொல்ல வரலை. புக்கர் பேச்சிலும் நியாயம் இருக்கு. அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த குடும்பங்களுக்கு வருமானம்தானே முதல் தேவை? ஆனா கத்துக்கிட்ட தொழிலைச் செய்ய விடணுமே! பல தொழிற்சங்கங்கள் கறுப்பர்களை உள்ளேயே சேர்க்கவில்லை. இன்னொரு வேடிக்கை, ஹாம்ப்டனின் முக்கிய வேலையே பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவதுதான். அங்கே மாணவர்களை வயலிலும் பட்டறையிலும் உழைக்க வைத்தது தொழில் கற்றுக்கொடுக்க என்பதைவிட, 'ஒழுங்கு' கற்றுக்கொடுக்க. அந்த ஆசிரியர்கள் அதையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

எம் தெரு பள்ளிக்கு 1902-ல் தலைமை ஆசிரியையாக வந்தவர் ஆனா ஜூலியா கூப்பர். 1858-ல் வட கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர். அவருக்கு மேலே இருந்த வெள்ளை அதிகாரி பெர்சி ஹியூஸ், பாடத்திட்டத்தின் தரத்தைக் குறைக்கப் பார்த்தார். கூப்பர் மசியவில்லை. ஹார்வர்ட், பிரௌன், ஒபர்லின் என்று மாணவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். பள்ளியில் கட்டுப்பாடு இல்லை, அது இதுன்னு குற்றச்சாட்டுகள் கிளம்பின. 1906-ல் பதவி போனது.

எனக்கு உறுத்துவது இதுதான். தொழில் படிக்க விரும்பிய பையனுக்கு ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அதை மூடச் சொல்லவில்லை. அப்படியிருக்க, எதற்காக எம் தெருவிலும் கை வைக்கணும்?

1910-ல் கூப்பர் அதே பள்ளிக்கு லத்தீன் ஆசிரியையாகத் திரும்பி வந்தார். (1925-ல், 66 வயதில், பாரிஸ் சோர்போனில் டாக்டர் பட்டமும் வாங்கினார், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) அவர் திரும்பிய மறு வருஷம் அங்கே படிப்பை முடித்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். பின்னாளில் ஹோவர்ட் சட்டக் கல்லூரியில் தர்குட் மார்ஷலைப் பயிற்றுவித்தவர். அந்த மார்ஷல்தான் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பை வாதாடி வாங்கியவர். ஹூஸ்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. கூப்பர் இருந்தார், 95 வயதில்.