நல்ல சமாரியர் உவமை

நல்ல சமாரியர் உவமை, நான்கு நற்செய்தி நூல்களுள் லூக்காவில் (10:25–37) மட்டும் இடம்பெறும் கதையாகும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற ஒருவர் கள்வர்களால் தாக்கப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்க, ஆலயக் குரு ஒருவரும், குருக்களுக்கு அடுத்த நிலையில் ஆலயப் பணி புரியும் லேவியர் குலத்தார் ஒருவரும் விலகிச் செல்கின்றனர். சமாரியர் ஒருவர் அவரைக் காப்பாற்றுகிறார். விபத்தில் உதவுவோருக்குப் பாதுகாப்பளிக்க 2019இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு வரை, சமாரியர் என்னும் பெயர் இரக்கத்தின் பொதுப்பெயராகிவிட்டதால், முதலில் கேட்டோரை இக்கதை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது இன்று எளிதில் விளங்குவதில்லை.

கி.மு. 722 அளவில் அசீரியர் வட இஸ்ரயேலை வீழ்த்தியபின் குடியேற்றிய அயலாரின் வழிவந்தோர் என்று சமாரியரை யூதர்கள் இகழ்ந்தனர். சமாரியரோ தம்மை இஸ்ரயேலின் எப்ராயீம், மனாசே குலத்தினர் என்றே கொண்டனர். மோசேயின் ஐந்து நூல்களை மட்டும் மறைநூலாக ஏற்ற அவர்களுக்கு வழிபாட்டிடம் எருசலேம் அன்று, கெரிசிம் மலையாகும். அங்கிருந்த அவர்களது கோயிலைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூத ஆட்சியாளர் யோவான் ஹிர்கானுஸ் அழித்தார். கொப்போனியுஸ் உரோமை ஆளுநராயிருந்த காலத்தில் (கி.பி. 6–9) பாஸ்கா விழாவின்போது சமாரியர் சிலர் எருசலேம் ஆலயத்தில் மனித எலும்புகளை வீசித் தீட்டுப்படுத்தினர் என்றும், ஆளுநர் குமானுஸ் காலத்தில் (48–52) விழாவுக்குச் சென்ற கலிலேய யூதர் சமாரிய ஊரொன்றில் கொல்லப்பட்டனர் என்றும் வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதுகிறார். லூக்காவிலேயே முந்தைய அதிகாரத்தில் சமாரிய ஊரொன்று இயேசுவை ஏற்க மறுக்க, அதை வானத்துத் தீயால் அழிக்கலாமா எனச் சீடர்கள் கேட்கின்றனர்.

கதை நிகழும் பாதை ஏறத்தாழ 27 கி.மீ. தொலைவுக்குள் சுமார் 1,000 மீட்டர் இறங்கிப் பாலைக் குன்றுகளினூடே செல்வதால், கள்வர் பதுங்க ஏற்றதாயிருந்தது. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்ப்பது அக்கால மருத்துவமே. சத்திரக்காரருக்குச் சமாரியர் கொடுக்கும் இரண்டு தெனாரியம் கூலியாள் ஒருவரின் இரண்டு நாள் ஊதியமாகும். மேற்கொண்டு ஆகும் செலவையும் திரும்பி வரும்போது தருவதாக அவர் பொறுப்பேற்கிறார்.

மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிஜனும் பின்னர் அகுஸ்தீனும் இவ்வுவமையை உருவகமாகப் பொருள்கொண்டு, தாக்கப்பட்டவரை ஆதாமாகவும் சமாரியரைக் கிறிஸ்துவாகவும் சத்திரத்தைத் திருச்சபையாகவும் விளக்கினர். இம்முறையை 1888இல் ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் யூலிகர் வன்மையாக மறுத்தபின், உவமைகளை அவை சொல்லப்பட்ட சூழலில் வைத்துப் படிக்கும் ஆய்வு வலுப்பெற்றது.

ஆயினும் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்னும் சட்டமே குருவைத் தடுத்தது என்ற விளக்கம் மறையுரைகளில் இன்றும் ஒலிக்கிறது. இது யூத சமயத்தை இரக்கமற்றதாகக் காட்டும் அநீதியான விளக்கம். அந்தக் குரு ஆலயத்துக்குச் சென்றுகொண்டிருக்கவில்லை, எருசலேமை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார், பிணத்தை அணுகக்கூடாது என்ற லேவியராகமக் கட்டளை (21:1) குருக்களுக்கு உரியதேயன்றி லேவியருக்கு உரியதன்று, ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலோ, கேட்பாரற்றுக் கிடக்கும் பிணத்துக்காகத் தலைமைக் குருவும் தீட்டை ஏற்கலாம் என்கிறது. கிடந்தவரோ உயிரோடிருந்தார். அமெரிக்க யூத அறிஞர் ஏமி-ஜில் லெவின் போன்றோர் இதை வலியுறுத்துவதோடு, குரு, லேவியர் என்று தொடங்கினால் வழக்கமான வரிசைப்படி மூன்றாமவர் சாதாரண இஸ்ரயேலராகவே இருப்பார் என யூதக் கேட்போர் எதிர்பார்த்த இடத்தில்தான் பகைவர் வந்து நிற்கிறார் எனக் காட்டுகின்றனர்.