கதைசொல்லிக் கிழவர் பாடநூலுக்குள் வந்த வழி: ட்ரெவர் ரோனும் ஜமைக்காவின் கலைக்கல்வியும்

கரீபியன் தீவுகளின் பள்ளி மாணவர்கள் இலக்கியத் தேர்வுக்குப் படித்த நாடகங்களுள் ஒன்று 'ஓல்ட் ஸ்டோரி டைம்'. ஜமைக்காவின் நாடகாசிரியரும் திரைப்பட இயக்குநருமான ட்ரெவர் ரோன் 1979-இல் அரங்கேற்றியது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை சொல்லும் பா பென் என்ற கிழவர்தான் அதை நடத்திச் செல்கிறார். அவர் பேசுவது பட்வா, அதாவது ஜமைக்காவின் கிரியோல் மொழி. அதற்கு ஒரு தலைமுறை முன்பு வகுப்பில் அந்த மொழியில் வாய் திறந்த பிள்ளைக்கு அடி விழுந்திருக்கும். அதே பேச்சு பாடநூலில் அச்சாகும் நிலை எப்படி வந்தது? கல்வித்துறை மனம் மாறியதால் வந்ததன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். மேடையும் வானொலியும் திரையும் முதலில் மாறின. பள்ளிக்கூடம் மெல்லப் பின்னால் வந்தது.

பழைய நிலையை அறிய 1963-இல் மைட்டி ஸ்பாரோ பாடிய கலிப்சோ ஒன்றே போதும். டிரினிடாட்டின் புகழ்பெற்ற அந்தப் பாடகர், தாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த பாடநூல் வரிகளை வரிசையாக அடுக்கி, அவற்றைத் தொகுத்த கட்டரிட்ஜின் பெயரையும் சொல்லிக் கேலி செய்தார். ஜே. ஓ. கட்டரிட்ஜ் டிரினிடாட்டின் கல்வித்துறையில் பணிபுரிந்த ஆங்கிலேயர். 1920-களின் பிற்பகுதியில் நெல்சன் பதிப்பகத்துக்காக மேற்கிந்திய வாசகப் புத்தக வரிசையைத் தொகுத்தவர். அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அதற்கு முன் புழங்கிய ராயல் ரீடர் நூல்களோடு ஒப்பிட்டால், தீவின் செடிகொடிகளும் விலங்குகளும் இவர் புத்தகத்தில் இடம்பெற்றிருந்தன. ஆனால் உள்ளூர்ப் பொருள் வந்ததே தவிர, உள்ளூர்க் குரல் வரவில்லை. பொருளைச் சேர்ப்பது எளிது. குரலைச் சேர்ப்பதற்கு யார் பேசுகிறார்கள் என்பதையே மாற்ற வேண்டும். உச்சியில் அமர்ந்திருந்ததோ கேம்பிரிட்ஜ் தேர்வு. 1860-களிலேயே டிரினிடாட்டுக்கு வந்துவிட்ட அந்தத் தேர்வு யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறைக்கும் தெரிந்ததுதான். விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்து போய்த் திருத்தப்பட்டு வரும்.

மாற்றத்தின் தொடக்கம் சற்றும் எதிர்பாராத இடத்தில் நிகழ்ந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஆடப்படும் ஆங்கிலேயரின் பாண்டமைம் என்னும் கேளிக்கை நாடகத்தை, கிரெட்டா ஃபௌலரும் ஹென்றி ஃபௌலரும் நிறுவிய லிட்டில் தியேட்டர் இயக்கம் 1941 டிசம்பர் 26 அன்று கிங்ஸ்டனின் வார்டு அரங்கில் நடத்தியது. கதை 'ஜாக்கும் அவரைக்கொடியும்'. அச்சு அசலாக இறக்குமதிச் சரக்கு. இரண்டே ஆண்டுகளில், 1943-இல், வேரா பெல் எழுதிய 'சாலிடேயும் பொல்லாத பறவையும்' ஜமைக்காவின் நாட்டார் கதையை அதே மேடையில் ஏற்றியது. 1949-இல் லூயிஸ் பென்னெட்டும் நோயல் வாஸும் சேர்ந்து எழுதிய நாடகத்தில் ஐரோப்பியக் கதையின் நீலத்தாடிக்காரனும் அனான்சியும் ஒரே மேடையில் சந்தித்தனர். அனான்சி மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடமிருந்து அடிமைக் கப்பல்களில் வந்த சிலந்தி நாயகன். உடல்பலம் கிடையாது, சாமர்த்தியம் மட்டுமே முதல். அங்கிருந்து நாளடைவில் பாண்டமைம் மேடையே அனான்சியின் மேடையானது. யாரும் தீர்மானம் போட்டு நிறைவேற்றிய மாற்றமன்று இது. அனான்சி வந்தபோது கூட்டம் சிரித்தது. அடுத்த ஆண்டும் அவனையே கேட்டது.

லூயிஸ் பென்னெட் இந்த வரலாற்றின் நடுத்தூண். 1940-களில் 'கிளீனர்' நாளிதழில் பட்வாவில் கவிதை எழுதினார். லண்டனின் ராயல் நாடகக் கழகத்தில் பயின்றார். ஊர் திரும்பிய பின் கிராமம் கிராமமாகச் சென்று கதைகளும் பழமொழிகளும் திரட்டினார். ஊரே அவரை 'மிஸ் லூ' என்று கொண்டாடியது. ஆனால் இலக்கிய வட்டாரம் அவரைக் கவிஞராக மதிக்கவில்லை. ஜமைக்காவின் கவிதைக் கழகக் கூட்டத்துக்குத் தம்மை ஒருபோதும் அழைத்ததில்லை என்று பின்னாளில் அவரே ஒரு பேட்டியில் சொன்னார். அவரைக் கவிஞராக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று மெர்வின் மோரிஸ் கட்டுரை எழுதியது 1963-இல். நாடு விடுதலை பெற்று ஓராண்டு கழிந்திருந்தது! 1970-இல் தொலைக்காட்சியில் அவர் தொடங்கிய 'ரிங் டிங்' சனிக்கிழமை நிகழ்ச்சியில் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வரவில்லை, பாடவும் ஆடவும் கதை சொல்லவும் வந்தார்கள். பள்ளி ஐந்து நாள் அதட்டி அடக்கிய நாக்கை ஆறாம் நாள் தொலைக்காட்சி அவிழ்த்துவிட்டது.

இந்த மண்ணில்தான் ரோன் வளர்ந்தார். 1940-இல் பிறந்தவர். இளமை கழிந்தது செயின்ட் கேத்தரின் மாவட்டத்து மலைக்கிராமமான பெல்லாஸ் கேட்டில். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரோஸ் புரூஃபோர்ட் கல்லூரியில் நாடகம் பயின்றார். கறுப்பின நடிகருக்கு அங்கே கிடைத்த வேடங்கள் அற்பமானவை. ஊர் திரும்பி ஆசிரியர் வேலை பார்த்தார். 1965-இல் அவரும் அதே கல்லூரியில் பயின்ற இவோன் புரூஸ்டரும் வேறு சில நண்பர்களும் 'தியேட்டர் 77' குழுவைத் தொடங்கினர். பன்னிரண்டு ஆண்டுகளில், 1977-க்குள், நாடகத்தை நம்பிப் பிழைக்கும் நிலையை ஜமைக்காவில் உருவாக்குவது என்ற கெடுதான் அந்தப் பெயர். அரங்கம் என்று ஒன்று இல்லை. புரூஸ்டர் வீட்டுக் கார் கொட்டகையையே மாற்றியமைத்துக்கொண்டார்கள். பிற்பாடு 'பார்ன் தியேட்டர்' என்று பெயர் பெற்றது அதுதான். பார்வையாளர் கைநீட்டினால் நடிகரைத் தொட்டுவிடலாம் என்ற அளவு இடம். அந்த நெருக்கத்தில் வேற்று ஊர் உச்சரிப்பைப் போலியாகப் பேசி ஒப்பேற்ற முடியாது. ரோனின் உரையாடல் நடை அங்கே பட்டை தீட்டப்பட்டது என்றே நினைக்கிறேன்.

1972-இல் பெர்ரி ஹென்செல் இயக்கத்தில் 'தி ஹார்டர் தே கம்' வந்தது. ஜமைக்காவில் உருவான முதல் முழுநீளக் கதைப்படம். திரைக்கதையில் ரோனும் பங்காளி. கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்கு வரும் இவான் பாட்டுப் பதிவு செய்து இருபது டாலருக்கு அதை இழக்கிறான், பின்பு துப்பாக்கி ஏந்துகிறான். 1948-இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 'ரைகின்' என்ற குற்றவாளியின் கதை இதற்குத் தூண்டுதல். கிங்ஸ்டனின் கேரிப் திரையரங்கில் முதல் காட்சிக்குக் கூட்டம் கதவை உடைத்து நுழைந்ததாகப் பதிவுகள் உண்டு. தங்கள் பேச்சைத் திரையில் அவர்கள் முதன்முறையாகக் கேட்டார்கள். அமெரிக்காவிலோ படம் ஆங்கிலத் துணைத்தலைப்புகளோடு ஓடியது. பட்வா தேய்ந்த ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் துணைத்தலைப்பே பதில்.

அதற்கு முந்தைய ஆண்டு மேடையேறி, பின்பு ரோனே திரைப்படமாக இயக்கிய 'ஸ்மைல் ஆரஞ்சு', சுற்றுலா விடுதிப் பணியாளர்களின் கதை. நீச்சல் தெரியாத உயிர்காப்பாளர்கள் உள்ள விடுதி அது! கைதேர்ந்த பரிமாறுநர் ரிங்கோ, நாட்டுப்புறத்திலிருந்து புதிதாக வந்த சிரிலுக்கு, விருந்தினரிடம் எப்படிச் சிரிப்பது, எப்படிக் காசு கறப்பது என்று பாடம் நடத்துகிறான். சிரித்துக்கொண்டே பார்த்தாலும் அதுவும் ஒரு வகுப்பறைதான் என்பது உறைக்காமல் போகாது. அடிமைப்பட்டவன் பிழைக்கும் தந்திரம் அனான்சியிடமிருந்து ரிங்கோவுக்கு வந்திருக்கிறது. அந்தத் தந்திரத்தை ரோன் ரசிக்கிறார், ஆனால் அதன் விலையையும் மறைக்கவில்லை. 1975-இன் 'ஸ்கூல்ஸ் அவுட்' நேராகவே பள்ளியைப் பற்றியது. காட்சி முழுவதும் ஆசிரியர்கள் அறையில் நடக்கிறது. பழுதாகிக் கிடக்கும் கழிப்பறையின் நாற்றம் அந்த அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது, சரிசெய்வார் இல்லை. சீர்திருத்த வேகத்தோடு வரும் புதிய ஆசிரியர் அங்கே நிலைக்க முடிவதில்லை. ஆசிரியராக இருந்தவர் எழுதியது என்பது ஒவ்வொரு வசனத்திலும் தெரிகிறது.

பண்பாட்டு வேர் என்ற சொல்லைப் பெருமைப் பேச்சாகப் பயன்படுத்துவோர் 'ஓல்ட் ஸ்டோரி டைம்' நாடகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். லென்னின் தாய் மிஸ் ஏகி, மகன் படித்து ஆளாகி வெளிர்நிறப் பெண்ணை, மதகுருவின் மகளை, மணக்க வேண்டும் என்று விரும்புகிறாள். அவன் மணந்தது கறுப்பு நிற லோயிஸை. மருமகள் ஒபியா என்னும் மாந்திரீகத்தால் மகனைக் கட்டிவிட்டாள் என்று மாமியார் நம்புகிறாள், தானும் அதே வழியைத் தேடுகிறாள். நிறவெறுப்பும் அந்த மண்ணில் ஊறியதே, அடிமைக்காலம் விட்டுப்போன சொத்து. கிராமத்துக் கதைசொல்லும் வடிவத்தைக் கையிலெடுத்து அந்தக் கிராமத்தின் நோயையே ரோன் விசாரிக்கிறார். நாட்டார் கலையைப் பாடமாக்குவோரில் பலர் பாட்டையும் உடையையும் எடுத்துக்கொண்டு இந்த விசாரணையை விட்டுவிடுகிறார்கள். விழா மேடைக்கு அது போதும், கல்விக்குப் போதாது.

1977-இல் உருவான 'சிஸ்ட்ரன்' குழு இதே முறையை இன்னொரு திசையில் கொண்டுசென்றது. அரசு வேலைத்திட்டத்தில் தெருக்கூட்டிய பெண்கள், நாடகப்பள்ளி ஆசிரியை ஹானர் ஃபோர்டு-ஸ்மித்துடன் சேர்ந்து தங்கள் வாழ்வையே நாடகமாக்கினர். குழந்தைகளின் வட்ட விளையாட்டும் விடுகதையும் அவர்களுக்குப் பயிற்சிக் கருவிகள். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மார்ட்டினிக்கில் இதன் இணை யூசான் பல்சி. ஜோசஃப் ஜோபெலின் 1950-ஆம் ஆண்டு நாவலை அவர் 1983-இல் 'கறுப்பர் குடில் தெரு' என்ற பொருள்படும் தலைப்போடு படமாக்கினார், வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் பெற்றார். சிறுவன் ஜோசேக்கு அதில் இரண்டு ஆசான்கள். பகலில் பிரெஞ்சுப் பள்ளி. இரவில் கரும்புத் தோட்டத்துக் கிழவர் மெதூஸ், விடுகதை போட்டு ஆப்பிரிக்காவை நினைவூட்டுபவர். படம் இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடவில்லை.

நிறுவனங்கள் மெல்லவே அசைந்தன. ஆங்கிலம் பேசும் தீவுகளின் அரசுகள் சேர்ந்து கரீபியன் தேர்வுக் குழுவை அமைத்தது 1972-இல். முதல் தேர்வுகள் 1979-இல் நடந்தன. கரீபிய வரலாறு முதல் அணியிலேயே ஒரு பாடம். ஓவியம், நாடகம், நடனம், இசைப் பள்ளிகளைக் கிங்ஸ்டனில் ஒரே வளாகத்துக்குக் கொண்டுவந்த பண்பாட்டுப் பயிற்சி மையம் 1976-இல் எழுந்தது. 1995-இல் அதுவே எட்னா மேன்லி கல்லூரியானது. பின்னாளில் நாடகக் கலையே தேர்வுப் பாடமாகியது.

ரோன் 2009 செப்டம்பரில் கிங்ஸ்டனில் காலமானார். அவருடைய பா பென் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டாலும் ஒரு முரண் தீரவில்லை. கிழவர் பேசுவது பட்வா, அவரைப் பற்றி மாணவர் விடை எழுத வேண்டியது தரப்படுத்திய ஆங்கிலம். தாய்மொழியையும் ஆங்கிலத்தையும் இணையாக வைத்துக் கற்பிக்கும் சோதனையை மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் ஜமைக்க மொழிப் பிரிவு 2004 முதல் சில தொடக்கப் பள்ளிகளில் நடத்தியது. ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பெற்றோரில் பலர் அஞ்சுகிறார்கள். மகனை வெளிர்நிறத்துக்கு உயர்த்திவிடத் துடித்த மிஸ் ஏகியின் கவலைக்கு மிக அருகில் உள்ள கவலை இது. அவளை வில்லியாக்காமல் எழுதிய ரோனுக்கு இந்தப் பெற்றோரையும் நன்றாகத் தெரிந்திருக்கும்.