சென்னை டூ புதுச்சேரி: ரயிலில் குறைந்த செலவில் ஒரே நாளில் போய்வருவது எப்படி?

குடும்பத்தோடு புதுச்சேரிக்கு ஒருநாள் போய்வரலாம் என்று நினைத்தாலே கார் வாடகை, ரூம் வாடகை என பட்ஜெட் எகிறிவிடும். ஆனால் சென்னை எழும்பூரிலிருந்து முன்பதிவில்லாத ரயில் டிக்கெட் எடுத்தால், பஸ் கட்டணத்தைவிடக் குறைவாகவே போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரே சிக்கல், நேரம்தான்.

கிழக்கு கடற்கரைச் சாலை கடலோரமாக நேராகப் போகிறது. ரயிலோ விழுப்புரம் போய், அங்கிருந்து 38 கி.மீ. கிளைப்பாதையில் கடலை நோக்கித் திரும்புகிறது. 1879ல் திறக்கப்பட்ட பாதை அது. எனவே நாலு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். காலை ரயிலில் ஏறினால்தான் ஊர் சுற்ற நேரம் கிடைக்கும். பராமரிப்புப் பணிகளால் ரயில் நேரம் மாறுவதுண்டு, முந்தைய நாளே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி ரயில் கிடைக்கவில்லையா? தெற்கே போகும் ஏதாவது ஒரு ரயிலில் விழுப்புரம் வந்துவிட்டால், அங்கிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம்தான்.

டிக்கெட்டில் ரெண்டு விஷயம் முக்கியம். 200 கி.மீ.க்குள்ளான தூரம் என்பதால், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். சாதாரண ரயில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறி மாட்டினால், மிச்சம் பிடித்த காசு அபராதத்திலேயே போய்விடும்.

இறங்கியதும் ஆட்டோ தேவையில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே சுப்பையா சாலையில், 1907ல் கட்டி முடித்த தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா. அதே சாலையில் கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் கடல் வந்துவிடும். வழியில் தெரியும் மஞ்சள் சுவர்களைப் பார்த்து, ‘பிரெஞ்சுக்காரர்கள் முதலில் கட்டிய ஊர் இதுதான்’ என நினைக்க வேண்டாம். 1761ல் ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தள்ளிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்தது.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. திண்ணை வைத்த பழைய வீடுகளைப் பார்க்க வைசியாள் வீதிக்குப் போங்க. பலரும் இதைத் தவறவிட்டு, ஒயிட் டவுனில் போட்டோ எடுப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. ஆங்கிலேயர் பிடியிலிருந்து தப்ப 1908ல் இங்கே வந்தவர், பத்து ஆண்டுகள் தங்கிவிட்டார். அருங்காட்சியகம் பார்க்கும் எண்ணம் இருந்தால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. கடற்கரைச் சாலையில் பெரும்பாலும் பாறைதான். குளிக்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீங்க!

இப்போது திரும்பும் விஷயம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலை, 1836ல் வந்த பழைய கலங்கரை விளக்கம் என எல்லாவற்றையும் நிம்மதியாக நடந்து பார்க்க அதுதான் சரியான நேரம். பகல் ரயிலைப் பிடிக்க ஓடினால் அது போச்சு. அதனால் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்வதே நல்லது. செலவு கொஞ்சம் கூடும், ஆனாலும் ரூம் வாடகை மிச்சம். புதிய பேருந்து நிலையத்திலிருந்து சென்னைக்கு இரவிலும் பஸ் உண்டு. கடற்கரையிலிருந்து அங்கே போக ரெண்டு கி.மீ. தூரம். நடந்து களைத்த பிறகு, அந்த நாளில் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கத் தகுந்த ஒரே இடம் அதுதான். சனி, ஞாயிறு இரவுகளில் பஸ்ஸில் கூட்டம் நெருக்கும். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் எட்டு மணிக்குள் நிலையம் போய்விடுங்கள்.