கண்ணாடியில் மேயும் நத்தை

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்குச் சென்றால், மீன்களைப் பார்த்து முடித்தபின் கண்ணாடிச் சுவரையும் சற்று நேரம் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நத்தை மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அது கடந்துவந்த பாதை, பச்சைப் படலத்தின் நடுவே தெளிந்த கோடாகத் தெரியும். தொட்டி அமைத்துச் சில வாரங்களிலேயே பாசி படரத் தொடங்கிவிடுகிறது. இதைத் தின்ன எந்த உயிரை வாங்கலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் நாம் சாதாரணமாகக் கேட்கும் இக்கேள்விக்கு ஏறத்தாழ 175 ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ஒரு பாதிரியாரின் மனைவி இருக்கிறார். ஒரு வேதியியலாளர் இருக்கிறார். கடற்கரையை உயிராய் நேசித்து, அந்நேசத்தாலேயே அதன் சூறையாடலுக்கு வழிகாட்டிவிட்ட ஓர் இயற்கையாளரும் இருக்கிறார். அவர்கள் கண்டடைந்த விடையில் பாதியை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

1846-இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து சில உயிருள்ள கற்பவளங்களை லண்டனுக்கு எடுத்து வந்தார். அவருடைய கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பொறுப்பு வகித்த பாதிரியார். கடலிலிருந்து வெகுதூரத்தில், நகரத்து வீட்டில் கடல்நீரைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியாத காலம் அது. அன்னா தின்னுடைய பணிப்பெண் நாள்தோறும் அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். காற்று நீரில் கலப்பதற்காக இந்த வேலை. அடுத்த ஆண்டில் கடற்செடிகளும் பாத்திரத்துக்குள் சேர்க்கப்பட்டன. வீட்டுக்குள் நிலைபெற்ற முதல் கடல்களில் ஒன்று இவ்வாறு, வரலாற்றில் பெயர் பதிவாகாத ஒரு பெண்ணின் கைவலியில்தான் உயிர்வாழ்ந்தது. பிற்பாடு அந்த உழைப்பின் இடத்தைச் செடிகளும் நத்தைகளும் இயந்திரங்களும் எடுத்துக்கொண்டன. தொட்டியின் வரலாறு என்பது, அதைப் பேணும் வேலையை யார் தலையில் வைப்பது என்பதன் வரலாறும்தான்.

செடிகள் உயிர்க்காற்றைத் தருகின்றன, விலங்குகள் அதை உட்கொண்டு கரிவாயுவைத் திருப்பித் தருகின்றன என்பது அன்றைய வேதியியல் அறிந்திருந்த செய்தி. லண்டனில் மருந்தாளுநர் சங்கத்தின் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன், 1849-இல் இதை ஒரு கண்ணாடிக் கலத்தில் சோதித்துப் பார்க்க முனைந்தார். 12 காலன் கொள்ளும் கலம். அதில் இரண்டு சிறிய தங்கமீன்கள். வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி. சில காலம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சைப் படலம் ஏறியது, நீர் கலங்கியது. கோட்பாட்டின்படி இரண்டு பேர் போதும்: தாவரம் ஒன்று, விலங்கு ஒன்று. ஆனால் கலத்தில் மூன்றாவதாக ஒருவர் தேவைப்பட்டார்.

வாரிங்டன் ஐந்தாறு குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகிய இலையையும் படலத்தையும் தின்றன, நீர் தெளிந்தது. அவை இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்கு உணவாயின. 1850-இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் அவர் இதை அறிக்கையாக வாசித்தார். இந்த அறிக்கையின் நுட்பம் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. நத்தையை அவர் துடைப்பமாகக் கருதவில்லை. அது தின்றது, கழித்தது, இனம் பெருக்கியது, தானும் உணவானது. சுழற்சியில் அது ஓர் உறுப்பினர். பின்னால் வந்தவர்கள் 'நத்தை பாசியைத் தின்னும்' என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

1852-இல் வாரிங்டன் இதே சோதனையைக் கடல்நீரில் தொடங்கினார். சிவப்பு, பழுப்புக் கடற்பாசிகள் நகரத்துத் தொட்டியில் நிலைக்கவில்லை; பச்சைப் பாசிகளே தாக்குப்பிடித்தன. குளத்து நத்தையின் இடத்தை ஐரோப்பியக் கரைகளில் மலிந்து கிடக்கும் பெரிவிங்கிள் என்ற கடல்நத்தை பெற்றது. அதே ஆண்டில் உடல்நலம் தேடி டெவன் கடற்கரைக்குச் சென்ற பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையாளரும் அதே திசையில் முயன்றுகொண்டிருந்தார். 1853 மே மாதம் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கான உயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் அவரும் ஒருவர். 1854-இல் வெளிவந்த அவருடைய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தையின் வாயை உருப்பெருக்கியால் கவனித்து எழுதியவர் காஸ். நத்தையின் நாக்கு உண்மையில் ஒரு நாடா. அதன்மேல் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். வாய் திறக்கிறது, நாடா வெளியே வந்து கண்ணாடியைச் சுரண்டி உள்ளே செல்கிறது, தலை சற்றே நகர்கிறது, மறுபடியும் வாய் திறக்கிறது. ராடுலா என்று விலங்கியல் அழைக்கும் இவ்வுறுப்பின் வலிமை இன்றும் வியப்புக்குரியது. பாறையில் ஒட்டிவாழும் லிம்பெட் நத்தையின் பற்கள், உயிரினங்கள் உருவாக்கும் பொருள்களில் அதுவரை அளவிடப்பட்டவை எல்லாவற்றையும்விட வலுவானவை என்று 2015-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பாறையையே தேய்க்கும் பல்லுக்குக் கண்ணாடிப் பாசி எம்மாத்திரம்!

காஸின் எழுத்து ஒரு மோகத்தைக் கிளப்பியது. கண்ணாடி வரி 1845-இலேயே நீக்கப்பட்டிருந்ததால் தொட்டிகள் மலிவாயின. இருப்புப்பாதைகள் மக்களைக் கரைக்குக் கொண்டுசென்றன. கடல் உள்வாங்கும் நேரத்தில் கூடையும் உளியும் ஏந்திய கூட்டம் பாறைக்குட்டைகளில் இறங்கியது. அனிமோன்கள், நத்தைகள், நண்டுகள் எல்லாம் வீட்டுக்கு வந்தன. பெரும்பாலானவை விரைவில் இறந்தன. மறுபடியும் கூடைகள் கிளம்பின. காஸின் மகன் எட்மண்ட் பின்னாளில் புகழ்பெற்ற இலக்கிய விமர்சகரானார். 1907-இல் வெளிவந்த 'தந்தையும் மகனும்' என்ற நினைவுநூலில், தாம் சிறுவனாகத் தந்தையோடு குனிந்து பார்த்த குட்டைகளின் செழிப்பு இனி எவருக்கும் காணக்கிடைக்காது என்று வருந்தி எழுதுகிறார். தம் நூல்களே அந்தக் கூட்டத்தை அழைத்து வந்தன என்பதைத் தந்தை உணர்ந்து துயருற்றதையும் அவர் மறைக்கவில்லை. அந்நூலை அப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையிலான சமயப் போராட்டமாகவே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். வெறுமையான குட்டை ஒன்றும் அதற்குள் கிடக்கிறது.

1860களில் வீட்டுத் தொட்டி மோகம் தணிந்தது. அறிவு மட்டும் தொடர்ந்து வளர்ந்தது. 1871-இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட், காட்சித் தொட்டிகளைவிடப் பலமடங்கு பெரிய நீர்த்தேக்கத்தைக் கீழே இருளில் வைத்து, நீரை இடைவிடாமல் சுழலச் செய்தார். பாசிக்கு வேண்டியது ஒளி. ஒளியைக் கட்டுப்படுத்தினால் பாசியும் கட்டுப்படும் என்பது அவர் கணக்கு. அதாவது, எந்த உயிர் இதைத் தின்னும் என்பதற்கு முன்பாக, இது ஏன் இவ்வளவு வளர்கிறது என்று அவர் கேட்டார். கழிவை மாற்றும் நுண்ணுயிர்களை வினோகிராத்ஸ்கி பிரித்தெடுத்தது 1890-இல். வாரிங்டனின் கலத்தில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது உறுப்பினரும் இருந்திருக்கிறார் என்பது அதன் பிறகே புரிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஆசை வெப்பக் கடல்களின் பவளப்பாறைகள் பக்கம் திரும்பியது. இந்தோனேசியாவின் லீ சின் எங், 1961-இல் ஓர் அமெரிக்க இதழில் தம் எளிய முறையை விவரித்தார்: உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகள், இயற்கையான கடல்நீர், மெல்லிய காற்றுக்குமிழ். 1980-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்ட்டர் ஏடி உயிருள்ள பவளப்பாறை ஒன்றையே காட்சிக்கு வைத்தார். பாசியை ஒரு தட்டில் வேண்டுமென்றே வளரவிட்டு, அவ்வப்போது சுரண்டி வெளியே எடுப்பது அவர் முறை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியோடு சேர்ந்து தொட்டியை விட்டு வெளியேறிவிடும். நத்தையால் செய்ய முடியாதது இதுதான். நத்தை பாசியைத் தின்று, அதன் பெரும்பகுதியைக் கழிவாக அதே நீருக்குத் திருப்பித் தருகிறது.

பவளத் தொட்டி பரவியபோது வணிகம் 'துப்புரவுக் குழு' என்ற சரக்கை உண்டாக்கியது. ஒரு காலன் நீருக்கு ஒரு நத்தை என்பது போன்ற கணக்குகள் புழங்கின. அக்கணக்கில் உயிர்களின் இயல்புக்கு இடமில்லை. குளிர்க்கடலில் வாழும் சிறு நத்தைகள் மார்கரிட்டா என்ற பெயரில் வெப்பத் தொட்டிகளுக்கு விற்கப்பட்டு, சில மாதங்களில் வெந்து மடிந்தன. கரிபியக் கடலின் ஆஸ்ட்ரியா நத்தை மல்லாந்து விழுந்தால் தானாகத் திரும்ப இயலாமல் கிடக்கும். ட்ரோகஸ் நத்தை எப்படியோ புரண்டு எழுந்துவிடும். துறவி நண்டு பாசியையும் தின்னும். தன் வீட்டை மாற்றிக்கொள்ளத் தோன்றினால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறவும் செய்யும். பெயரில்தான் துறவு! நஸேரியஸ் நத்தை பாசியைத் தொடுவதே இல்லை. அது தேடுவது இறந்த உடல்களை. பாறையைக் கொறித்தபடியே இருக்கும் சலாரியாஸ் மீனின் கதை எல்லாவற்றிலும் துயரமானது. அது தன் வேலையைச் செவ்வனே செய்து முடித்த தொட்டியில், உரிமையாளர் மகிழ்ந்திருக்கும் நாள்களில், அது வயிறு ஒட்டிப் பட்டினியால் சாகிறது.

மேயும் உயிர்கள் வேலைக்காரர்கள் அல்ல, கடலின் தூண்கள் என்பதை 1983 காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் பனாமா கரையில் நீண்ட கரிய முட்கள் கொண்ட டயடீமா என்ற கடல் முள்ளெலிகள் இறக்கத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நோய் கரிபியக் கடல் முழுவதும் பரவி, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. ஜமைக்காவில் பாசி மேயும் கிளிமீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-இன் சூறாவளி பவளங்களை நொறுக்கியிருந்தது. மிஞ்சியிருந்த மேய்ப்பர் முள்ளெலி மட்டுமே. அதுவும் போனபின் பாசி பாறைகளை மூடியது. 1970களின் இறுதியில் ஏறக்குறைய பாதிப் பரப்பில் இருந்த உயிர்ப்பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழிறங்கியது. பாசி 4 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடாயிற்று. மெல்ல மீண்டுவந்த முள்ளெலிகள் 2022-இல் மறுபடியும் மடிந்தன. காரணம் ஒரு நுண்ணுயிர் என்று 2023-இல் கண்டறியப்பட்டது. நம் தொட்டியின் கண்ணாடி பச்சையேறினால் அது எரிச்சல். கடலின் கண்ணாடி பச்சையேறினால் ஓர் உலகம் முடிகிறது.

அந்தக் கடலிலிருந்துதான் நம் நத்தையும் மீனும் வருகின்றன. இழைப்பாசி மேய்வதற்காக உலகெங்கும் வாங்கப்பட்ட மஞ்சள் டாங் மீன்களில் பெரும்பங்கு ஹவாய் தீவின் மேற்குக் கரையில் பிடிக்கப்பட்டவை. கரைவாசிகளின் எதிர்ப்புக்குப் பின் 1998-இல் சட்டம் வந்தது. 1999-இன் கடைசி நாள்முதல் அக்கரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்பிடிப்புக்கு மூடப்பட்டது. 2017-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வின்றி அனுமதி கூடாது என்றது. அதற்கிடையே 2015-இல் ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட், பல ஆண்டு முயற்சிக்குப் பின் இம்மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்துக் காட்டியது. ட்ரோகஸ் நத்தையை வளர்ப்புக் கூடத்தில் பெருக்கும் முறை பலாவ் போன்ற பசிபிக் தீவுகளில் 1980களிலேயே உருவாகியிருந்தது. டெவன் குட்டைகள் வெறுமையானபோது கிடைக்காத ஒரு வழி இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆகவே, எந்த உயிரை வாங்கலாம் என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை சில உண்டு. தொட்டியின் ஒளியும் தீனியும் அளவோடுதான் இருக்கின்றனவா? வாங்கப்போகும் உயிர் எந்தக் கடலின் வெப்பத்துக்குப் பழகியது? அது வளர்ப்புக் கூடத்தில் பிறந்ததா, பாறையிலிருந்து பிடுங்கப்பட்டதா? முதலில் இரண்டு மூன்று நத்தைகள் போதாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பாசி தீர்ந்த மறுநாள் அதற்கு என்ன தரப்போகிறோம்? உலர்ந்த கடற்பாசித் தாள் ஒரு துண்டைக் கல்லில் கட்டி வைத்தாலும் போதும்; ஆனால் அதை நாள் தவறாமல் வைக்க வேண்டும்.

வாரிங்டனின் கலத்தில் நத்தைக்கு உணவு இருந்தது, அதன் முட்டைக்கும் ஒரு பயன் இருந்தது. அந்த ஐந்தாறு நத்தைகளைக் கூலிக்கு வந்தவையாக அவர் எண்ணியிருந்தால், முட்டைகள் அவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டா.